பல்லோடு எடுத்த அச்சு

உங்கள் முதலாளி ஒரு காலத்தில் என்னிடம் பல் கட்டும் வேலை கற்றுக்கொண்டவர். இப்போது அரக்கோணத்தில் மூச்சு இயந்திரக் கடை வைத்திருக்கிறார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இயந்திரமும், அதோடு மூக்கில் மாட்டிக்கொள்ளும் மாஸ்க்கும் கொடுக்கிற கடை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார். தைரியம் தரும்படியாக ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. எழுத வருவதெல்லாம் ஒரே மனிதரைப் பற்றியும் அவர் விஷயத்தில் நான் செய்த தவறைப் பற்றியும்தான். அதையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு மனம் கனத்தால் உங்கள் முதலாளியைத் திட்டிக்கொள்ளுங்கள், அவர்தான் கேட்டார்.

திருத்தணியில் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பல் மருத்துவமனை இருந்தது. டாக்டர் முன்னறையில் பல் பிடுங்குவார். பின்னறையில் நான் பல் கட்டுவேன். என் வேலைக்குப் பெயர் பல் மெக்கானிக். ஊர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரைப் பெரிய டாக்டர் என்றும் என்னைச் சின்ன டாக்டர் என்றும் கூப்பிட்டது. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அதன் பிறகு அப்படிக் கூப்பிடாதவர்கள் மேல் கோபம் வரத் தொடங்கியது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாவு கலப்பது, அச்சு எடுப்பது, பிளாஸ்டிக்கை வேகவைப்பது எல்லாம் உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு எல்லாமே பெட்டியில் வந்துவிடுகிறது. ஆனால் என் தொழிலின் ஒரு விதியை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. பல் செட் வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது இதுதான்: படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இதில் நான் கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில் கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த விவசாயி ஒருவருக்கு மேலே இரண்டு பல் மட்டும் ஒரு சின்னத் தகட்டில் வைத்துக் கொடுத்தேன். கழற்றும்படி சொல்ல மறந்துவிட்டேன். அவர் அதோடு தூங்கி, தகடு உடைந்து, பாதி தொண்டைக்குள் போய்விட்டது. மெட்ராஸுக்குக் கொண்டுபோய்த்தான் எடுத்தார்கள். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. அதிலிருந்து கடவுள் பெயரைச் சொல்வதைப் போல இந்த விதியைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு வார்த்தையை இருபது வருடம் சொல்லிக்கொண்டே இருந்தால், சொல்கிறவனுக்கே அது காதில் விழாமல் போய்விடும்.

முனிரத்தினம் எங்கள் பக்கத்து நெசவாளர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. பெரிய உடம்பு, கழுத்தே தெரியாத பருமன், அதற்குள்ளிருந்து எப்படித்தான் வருமோ என்று தோன்றும்படி நயமான குரல். ஒவ்வொரு கிருத்திகைக்கும் பஜனை கோஷ்டியோடு மலைப்படியில் பாடிக்கொண்டே ஏறுவார். படிக்கட்டில் முன்னால் பாடுகிறவர் அவர்தான், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். புகையிலைப் பழக்கத்தில் நாற்பது வயதுக்குள் பற்கள் எல்லாம் ஆடி விழுந்துவிட்டன. பாட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் என்னிடம் வந்தார். மேலும் கீழும் முழு செட் கட்டிக் கொடுத்தேன்.

கட்டி முடிகிற வரைக்கும் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்த கிருத்திகைக்குப் படியில் நின்று பாடியபோது ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது பொய்ப் பல் என்று அவர் மனைவிக்கும் பெரிய டாக்டருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்க வேண்டும் என்று என்னிடம் வாக்குறுதி வாங்கியிருந்தார். நானும் காப்பாற்றினேன். அதில் பாதி அவருக்காக, பாதி என் கைவேலையின் பெருமைக்காக.

இது நடந்து பத்து வருடம் இருக்கும், எண்பதுகளின் நடுவில், முனிரத்தினம் பகலில் தூங்கத் தொடங்கினார். தறியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். தறிச் சத்தம் நின்றால் தெருவே புரிந்துகொண்டு சிரிக்கும். டீக்கடையில் கையில் டம்ளரோடு தூங்குவார். பிள்ளைகள் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் பஸ் நிலையத்தில் பார்த்தால் கும்பகர்ணரே என்று கூப்பிட்டிருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவருடைய அக்கா மகன் மருத்துவம் படித்து ஆஸ்திரேலியாவில் வேலையாக இருந்தார். ஒரு விடுமுறைக்கு வந்தவர், மாமா மதியத்தில் தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். குறட்டை, பிறகு ஒன்றுமே இல்லை. மார்பு ஏறுகிறது, காற்றுப் போகவில்லை. அப்புறம் மூச்சுமுட்டி ஒரு பெரிய உதறல். மறுபடி குறட்டை. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணியவர் எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். இது சோம்பேறித்தனமும் இல்லை, உடல் பருமனால் வந்த களைப்பும் இல்லை, தூங்கும்போதெல்லாம் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்கிறது, இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று வீட்டில் சொன்னார். அடுத்த முறை வந்தபோது ஒரு இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வந்தார். குழாய் வழியாக மூக்குக்குள் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம். அந்த நாட்டிலேயே அப்போது அது புதிது. போட்டால் கிணற்று மோட்டார் மாதிரிச் சத்தம் போடும்.

அதோடு வந்த மாஸ்க் அந்த ஊர் மூக்குக்குச் செய்தது. முனிரத்தினத்தின் மூக்கு அகலம். மாட்டினால் இரண்டு பக்கமும் காற்று பீறிட்டுக் கண்ணில் அடித்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் முகத்தில் அச்சு எடுத்துத் தனியாகத்தான் மாஸ்க் செய்கிறார்களாம். இந்த ஊரில் அச்சு எடுக்கத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்னிடம் வந்து நின்றார். செய்ய முடியுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

அச்சு எடுத்த நாளை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். முனிரத்தினம் என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அக்கா மகன் ஒரு பக்கம், பெரிய டாக்டர் வேடிக்கை பார்க்க வாசலில். மூக்கில் இரண்டு பேப்பர் குழல் செருகி, மேலே மாவு அப்ப வேண்டும். மாவு சீக்கிரம் இறுகிவிடும், கை பரபரக்கும். அப்போதுதான் கூட வந்திருந்த அவர் மனைவி நாகம்மா ஒரு அடி முன்னால் வந்தார். அந்தக் குடும்பத்தில் கணவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாவா, நீங்க படுக்கும்போது..." என்று ஆரம்பித்தார்.

"நீ வெளிய உக்காரு" என்றார் முனிரத்தினம்.

நானும் கையில் மாவுக் கிண்ணத்தோடு, "ஆமாம்மா, இங்க எடம் இல்ல, கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றேன். அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்க் நான்கு நாளில் தயாரானது. ஓரத்துக்கு அந்தப் பிள்ளை கொண்டுவந்த மெத்தென்ற ரப்பர், தலையைச் சுற்றிக் கட்ட எலாஸ்டிக் நாடா. அதை மருத்துவமனை பெஞ்சில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து மாட்டி இயந்திரத்தைப் போட்டோம். ஒரு இழை காற்று கசியவில்லை. ஓரமெல்லாம் விரல் வைத்துப் பார்த்த அக்கா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டில்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்ததில்லை என்றார். சௌகரியமாக இருக்கிறதா என்று முனிரத்தினத்தைக் கேட்டேன். மாஸ்க்குக்குள்ளிருந்தபடியே தலையை ஆட்டினார். அந்த வாரமே அந்தப் பிள்ளை விமானம் ஏறிவிட்டார்.

பத்து நாள் கழித்து முனிரத்தினம் வந்தார். மூக்கின் மேல் எலும்பில் தோல் உரிந்திருந்தது. படுத்தால் காற்று எங்கேயோ போகிறது என்றார். எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. நாடாவைக் கொஞ்சம் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது உரிந்த இடம் புண்ணாகியிருந்தது. மூக்குப் பக்கம் ரப்பரைக் கூட்டினேன், நாடாவை இன்னும் இறுக்கினேன். மூன்றாவது முறையும் இறுக்கினேன். ஒவ்வொரு முறையும் மாஸ்க்கைத்தான் பார்த்தேன். நாற்காலியில் பொருந்துகிற மாஸ்க் வீட்டில் மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். இவருக்குச் சரியாக மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். நன்றாகச் செய்த வேலையைக் கெடுக்கிறாரே என்று எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது முறை நானே தெருவில் பார்த்துக் கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க சின்ன டாக்டரே" என்றார். "நீங்க செஞ்சது நல்லா இல்லாம போவுமா?"

எனக்கு அது போதுமானதாக இருந்தது. புண் ஆறியிருப்பதையும் பார்த்தேன். மாஸ்க் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போடாமல் விட்டதால் புண் ஆறியிருக்கிறது என்று தோன்றவில்லை. பெரிய டாக்டரிடமும் வருகிறவர் போகிறவரிடமும் நான் செய்த மாஸ்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தேன். இப்படியே நாலு மாதம் போனது.

ஒரு கிருத்திகைக் காலையில் நானும் மலைக்குப் போயிருந்தேன். பாதிப் படிக்கு மேல் பஜனை கோஷ்டியைப் பிடித்துவிட்டேன். முனிரத்தினம் முன்னால் பாடிக்கொண்டு போகிறார். ஒரு அடியைப் பாடிவிட்டு நிறுத்தினார், கோஷ்டி வாங்கிப் பாடியது. அடுத்த அடி வரவில்லை. மூச்சு வாங்குவதற்காகப் படியோரம் உட்கார்ந்தவர் கையில் ஜால்ராவோடு அப்படியே தூங்கிவிட்டார். கோஷ்டி கொஞ்ச நேரம் ஜால்ராவை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு வேறொருவர் பாட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு காலும் கணுக்காலுக்கு மேல் வீங்கியிருந்தன. உதடு கறுத்திருந்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன். கண் திறந்தவர் என்னைப் பார்த்ததும் பயந்தார். தவறு செய்து பிடிபட்டவரைப் போலப் பயந்தார். என்னைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்றுதான் அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். தறி ஓடவில்லை. நாகம்மா கதவைத் திறந்து, "தூங்கினு இருக்காருங்க" என்று தயங்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தறிக்குப் பக்கத்தில் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். என் மாஸ்க் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, குழாய் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் தண்ணீர். தண்ணீரில் நான் கட்டிய பல், மேல் செட்டும் கீழ் செட்டும். நான் சொன்ன சொல்லைப் பத்து வருடமாக ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகமே இல்லை. மேலுதடு உள்ளே இழுத்துக்கொண்டு, கன்னம் குழிந்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்த மேடு இருந்த இடம் தெரியவில்லை. மாஸ்க்கின் கீழ் ஓரம் உட்கார வேண்டிய இடம் அதுதான். நான் அச்சு எடுத்தது பல்லோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த முகத்துக்கு. அந்த முகத்தோடு அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை. பல்லைக் கட்டியவன் நான், கழற்றச் சொன்னவன் நான், இந்த இரண்டும் தெரிந்திருந்தே அச்சு எடுத்தவனும் நான். அக்கா மகனுக்குக்கூட மாமாவுக்குப் பொய்ப் பல் என்று தெரியாது.

மூச்சு நின்றது. நான் அங்கே நின்று எண்ணினேன். மறுபடி உதறிக்கொண்டு வந்தது.

பின்னால் நாகம்மா மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கே சொல்ல வந்தேங்க, படுக்கும்போது பல்லு இருக்காதேன்னு. நீங்க ரெண்டு பேரும்தான் என்னை வெளிய உக்கார சொல்லிட்டீங்க."

குற்றம் சொல்கிற குரலாக அது இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்தான். நான் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விழித்ததும் முதலில் டம்ளரைத் துண்டால் மூடினார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டார். மாஸ்க் போடவில்லை என்று நான் ஏன் தெரிந்துகொள்ளவில்லை, அவர் ஏன் சொல்லவில்லை என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. பெரிதாகப் பேர் எடுத்துக்கொண்டு திரிகிறவனிடம் உன் வேலை சரியில்லை என்று எப்படிச் சொல்வார்? மூன்று முறை சொல்லிப் பார்த்தவர்தானே. நான்தான் மூன்று முறையும் நாடாவை இறுக்கி அனுப்பினேன்.

பல்லோடேயே தூங்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் பார்த்தேன். ஈறு முழுக்கப் புண்ணாக இருந்தது, அந்த இயந்திரக் காற்றில் வாய் உலர்ந்து பல் அசைந்து ஒரே மதியத்தில் ரத்தம் வந்துவிட்டது. வேறு வழியில்லை, பல் இல்லாத முகத்துக்கு அச்சு எடுக்க வேண்டும், படுத்த நிலையில் எடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்து அப்படி முகத்தைக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை. நான் மாவையும் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். நாகம்மா தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லவில்லை. இந்த முறை நாகம்மாவைத் தலைமாட்டிலேயே உட்காரச் சொன்னேன். வாய் எந்தப் பக்கம் சாயும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், உதடு எப்போது திறக்கும் என்று எல்லாம் அவரிடம்தான் கேட்டேன். மனப்பாடமாகச் சொன்னார். இருபத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தானே.

அன்று திரும்பி வந்து பெரிய டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "பல்லக் கழட்ட சொன்னது யாரு?" என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். மறுபடி சோப்பை எடுத்துக் கழுவத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது மாஸ்க் அழகாக இல்லை. கீழ் ஓரம் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து கோணலாக இருந்தது. மேசை மேல் வைத்தால் ஆடும். ஒரு மதியம் அதை மாட்டிப் படுக்கவைத்து, இயந்திரத்தைப் போட்டுவிட்டு நானும் நாகம்மாவும் வாசலில் உட்கார்ந்தோம். நாடா தளர்வாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. நாகம்மா நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொரட்டையே வரலைங்க, எனுக்கு பயமா பூடுச்சி" என்றார். "மாரு ஏறுதான்னு கைய வெச்சி வெச்சி பாத்துனு வரேன்."

கரண்ட் போனதும் முனிரத்தினம் விழித்துக்கொண்டார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் இல்லாத வாயோடு, என் எதிரில் கையால் மறைக்காமல், "தூங்கறதுன்னா இதானாங்க?" என்றார். "அப்ப இத்தினி வருஷம் நான் இன்னா பண்ணினு இருந்தேன்?" சொல்லிவிட்டு அழுதுவிட்டார். நாகம்மா டம்ளரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

இங்கேயே முடித்தால் உங்கள் முதலாளிக்குப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் அது பொய்.

அந்த மாஸ்க்கை அவர் ஏழு வாரம் போட்டுக்கொண்டார். தறி ஓடியது. தெருவில் என்னைப் பார்த்தால் நின்று பேசினார். ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. மெட்ராஸில் காட்டினார்கள், இதயம் பெரிதாகிவிட்டது, வருவதற்குத் தாமதமாகிவிட்டது என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த கிருத்திகைக்குப் படியேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் தறியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தறிச் சத்தம் நின்றதும் தூங்கிவிட்டார் என்றுதான் தெரு நினைத்தது.

நாகம்மா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். டம்ளரை என் கையில் கொடுத்தார். காலையில் வாய் உலர்கிறது என்று முனிரத்தினம் பல்லைக் கழற்றி அதில் போட்டிருக்கிறார்.

"ஊருக்கு தெரியாம இருந்திச்சி. போவும்போதும் தெரிய வாணாங்க" என்றார்.

உடம்பு விறைப்பதற்குள் மேல் செட்டைப் போட்டேன், கீழ் செட்டைப் போட்டேன், தாடையைச் சேர்த்துத் துணி கட்டினேன். முகம் பழையபடி நிறைந்தது, படியில் நின்று பாடிய முகம். மூக்கெலும்பின் மேல் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. முதல் மாஸ்க் போட்ட தழும்பு. இரண்டாவது மாஸ்க் எந்த அடையாளமும் விட்டிருக்கவில்லை. நான் அதில் கொஞ்சம் திருநீறு பூசிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா மகனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், பல் விஷயம் உட்பட. நாலு மாதம் முன்னால் சரியாகியிருந்தாலும் மாமா பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று பதில் எழுதினார். நல்ல பிள்ளை. எனக்காக எழுதிய கடிதம் அது. அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றும் யாராலும் சொல்ல முடியாது. பிழைத்திருக்காவிட்டாலும் போகட்டும், அந்த நாலு மாதமும் அவர் தூங்கியிருப்பார். அந்த நினைப்பை மட்டும் என்னால் இன்றுவரை தாண்டிப் போக முடியவில்லை.

இனி உங்களிடம் ஒரு விஷயம். சென்ற மாதம் கண் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் சொல்வதற்கு யாரும் இல்லை, என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. பரிசோதனை எல்லாம் முடிந்து உங்கள் கடைக்குத்தான் வந்தேன். உங்களில் ஒரு பெண்தான் எனக்கு மாஸ்க் பார்த்துக் கொடுத்தார். பொறுமையான பெண். நாலு மாஸ்க் மாட்டிப் பார்த்தார், ஓரமெல்லாம் விரல் வைத்துக் காற்று கசிகிறதா என்று பார்த்தார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வாயில் பல் இருந்தது. மேலும் கீழும் முழு செட், நானே எனக்குக் கட்டிக்கொண்டது.

"கம்ஃபர்ட்டபிளா இருக்கா சார்?" என்று கேட்டார்.

எல்லாம் தெரிந்தவன் நான். இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கடையில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், உங்கள் முதலாளி என்னை ஆசான் என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் நடுவில் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாஸ்க் இப்போது என் அறையில் ஆணியில் தொங்குகிறது.

அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்கு வருகிறேன். உங்களில் யார் இருந்தாலும் சரி. என்னை உள்ளே கூட்டிப்போங்கள். கதவைச் சாத்துங்கள். படுக்கச் சொல்லுங்கள். பல்லைக் கழற்றச் சொல்லுங்கள். அதெல்லாம் வேண்டாம், இதுவே நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். நம்பாதீர்கள்.